சின்ன இஞ்சினின் கத்தல்

வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் ராஜபாண்டிக்குச் சொந்தம். மற்ற பொழுதெல்லாம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்குச் சொந்தம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் திருப்பூருக்கு வந்தவன். பாதி ஆயுள் அந்த இரைச்சலுக்குள்ளேயே போய்விட்டது. கிடைத்த ஒரு மத்தியானத்தை மகளோடு கழிக்காமல் இளங்கோவின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தான் என்றால், அவனைத் திட்டிப் பயனில்லை. ஏழு வயது ஜோதிகா அவனோடு பேசுவதையே விட்டுவிட்டாள். கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் போய்விடுவாள். பெற்ற பிள்ளைக்கே வேண்டாதவனாகிவிட்டோமே என்ற நினைப்பு வாரமெல்லாம் அரித்தது. உடம்பு அலுப்பைத் தூங்கித் தீர்க்கலாம். இதை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது?

இளங்கோ தன் கம்ப்யூட்டர் ஒன்றில் கார் ரேஸ் ஆட ஸ்டீயரிங்கும் மிதிகளும் வாங்கி மாட்டியிருந்தான். அந்த ஆட்டத்தில் எடை குறைந்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. அதற்கு எந்த இஞ்சின் என்பது ஆடுகிறவர் இஷ்டம். சின்ன இஞ்சின் வைத்தால் முன்பக்கம் லேசாக இருக்கும், வளைவில் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆனால் தொண்டை கிழியக் கத்தவிட்டு ஓட்டினால்தான் அதற்கு உயிர். கத்தல் உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து கியரை மாற்ற வேண்டும். பெரிய இஞ்சின் எந்த கியரிலும் இழுக்கும், ஆனால் முன்பக்கம் கனத்து, வளைய வேண்டிய இடத்தில் நேரே போய் வேலியில் முட்டும். விவரம் தெரிந்தவர்கள் சின்னதைத்தான் எடுப்பார்கள். ராஜபாண்டி மட்டும் பெரியதையே பிடிவாதமாக எடுத்து, வாராவாரம் முட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிறு இளங்கோவுக்குப் பொறுக்கவில்லை. தானே சின்ன இஞ்சினை வைத்துக் கொடுத்தான். வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. நேர்ச் சாலையில்தான் வம்பு. கியரை மாற்றாமலே மிதித்ததில் இரண்டாவது கியரிலேயே இஞ்சின் முக்கி நின்றது, எல்லாக் காரும் முந்திப் போயின.

“அது கத்தறப்பவே மாத்தோணுங்ணா. மீட்டர் முள்ளைப் பார்த்துட்டிருந்தா வளைவை உட்ருவீங்க. காதுல கேட்டே மாத்துங்க,” என்றான் இளங்கோ.

ஸ்பீக்கர் சரியில்லை என்றான் ராஜபாண்டி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இளங்கோவின் வாய்வரை வந்தது. வயதில் பெரியவராயிற்றே என்று விழுங்கிவிட்டு, வேறு ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டினான். அதுவும் சரியில்லையாம். பெரிய இஞ்சின் மட்டும் நன்றாகக் கேட்கிறதே என்று ராஜபாண்டி அதை ஓட்டிக் காட்டினான். இளங்கோ மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். அடித்தொண்டைச் சத்தத்துக்கென்று தனியாக வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ராஜபாண்டியின் கால்கள் இருந்தன. பெட்டியை இழுத்து நகர்த்தினான். பெரிய இஞ்சினும் அடங்கிப்போயிற்று, ராஜபாண்டிக்கு மட்டும். இத்தனை நாளும் அவன் அதைக் காலால்தான் கேட்டிருக்கிறான்.

மறுபடி சின்ன இஞ்சினை வைத்து மிதித்தான். பக்கத்து மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு முறைத்தார்.

“இப்பக் கத்துதா?” என்று ராஜபாண்டி கேட்டான்.

இளங்கோ தலையாட்டினான். அவன் முகத்தில் கேலி இல்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நிட்டிங் ஹாலில் யாரும் சங்கு ஊதுவதில்லை. அங்கே கையும் உதடும்தான் பாஷை. ஒருவன் காது போனால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகியதால் போனவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து நதியாவின் எதிரே நின்றான். பாப்பா என்னோடு பேசுவதுண்டா என்று மனைவியைக் கேட்டான். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“பின்னாலயே வந்து பேசுவா. நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டீக. அப்பாவுக்கு என்னையப் பிடிக்கலன்னு அழுதுட்டு, இப்பக் கொஞ்ச நாளா உட்டுட்டா.”

ராஜபாண்டி மகள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னான்.

“அப்பாவுக்குக் காது கேக்கலம்மா. நீ பேசுனது எதுவுமே கேக்கல.”

ஜோதிகா நம்பாமல் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அவன் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்து கேட்டாள்.

“அப்போ எல்லாத்தையும் மொதல்லருந்து சொல்லணுமா?”

ஆமாம் என்று தலையாட்டினான். அவள் சலித்துக்கொண்டே எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.