கடைவாய்க்காலாரைக் கேட்காத சட்டம்

முரசுமோட்டையில் காடு வெட்டி வயலாக்கியவன் நான். யானை மிதித்த குடிசையை மறுபடி கட்டினேன். அது இன்று கல்வீடு. மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே வரம்பு போட்டேன். பிறகு நெல் குத்தும் ஆலை, பிள்ளையார் கோயிலுக்குக் கிணறு, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கூரை. யாழ்ப்பாணத்தில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். இவ்வளவையும் ஊர் அறியும். ஆனால் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் திருந்தியதிலும் என் கை இருக்கிறது என்பதை ஊர் மறந்துபோனது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. காலபோகம் என்ற மழைக்கால நெற்பருவத்துக்கு முன் நடக்கும் விதைப்புக் கூட்டம். வேலி அடைக்கும் நாள், விதைக்கும் நாள், குளத்து மதகான துருசைத் திறக்கும் நாள் எல்லாம் அங்கேதான் முடிவாகும். எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவானாலும், கடைவாய்க்கால்காரர் ஒருவர் எழும்பி "ஓம்" சொல்லும்வரை அது முடிவில்லை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருவது அவர்களிடம். ஆகவே குறை முதலில் தெரிவதும் அவர்களுக்குத்தான். என் காணி கடைவாய்க்காலில்.

அந்த முறை எங்கள் எம்.பி. வந்திருந்தார். நீர்ப்பாசன மசோதா ஒன்றின் தமிழ்ச் சுருக்கத்தை வாசித்துவிட்டு, "நல்ல சட்டம். எதிர்க்கிறதுக்கு ஆளில்லை. வாற கிழமை கை தூக்கினால் முடிஞ்சுது," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழும்பினேன்.

"ஐயா, கடைவாய்க்காலாரைக் கேக்கேல்லையே? அந்தத் தண்ணிக் கதையைத் திருப்பி வாசியுங்கோ."

"உவருக்கு வாய்க்கால்தான் கடைசி, வாய் எப்பவும் முதல்!" என்றார், தண்ணீர் முதலில் பாயும் தலைவாய்க்கால்காரர் ஒருவர். வேலிச் சண்டையில் என்னோடு பலமுறை மோதியவர். கூட்டம் சிரித்தது.

எம்.பி. திருப்பி வாசித்தார். துருசு திறந்த பிறகு விதைத்த வயலுக்கு மட்டுமே குளத்துத் தண்ணீர்.

நாங்கள் புழுதியில் விதைப்பவர்கள். முதல் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லைப் போட்டுவிடுவோம். துருசு திறக்கும்போது பயிர் முழங்காலளவு நிற்கும். கதிர் வரும் நேரத்தில்தான் எங்களுக்குக் குளத்துத் தண்ணீர் வேண்டும். அந்தச் சட்டப்படி அது கிடைக்காது. காத்திருந்து விதைத்தாலோ, மேலே உள்ளவர்கள் சேறடித்து முடிக்கும்வரை எங்களிடம் ஒரு சொட்டும் வராது. எப்படிப் பார்த்தாலும் என் வயல் போய்விடும்.

"உதைக் கிழிச்சுப் போடுங்கோ," என்றேன்.

"கிழிச்சுப்போட்டு?" தலைவாய்க்கால்காரர் விடவில்லை. "அவனவன் நினைச்ச நேரம் விதைச்சுப்போட்டு, மாசியிலையும் தண்ணி கேட்டால் குளம் தாங்குமே? கட்டுப்பாடு வேணும், அண்ணை."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரை முறைத்துக்கொண்டே சொன்னேன்:

"சரி. புழுதியிலை விதைக்கிறவன் இந்தக் கூட்டத்திலை முன்கூட்டியே சொல்லட்டும். சொன்னவனுக்குத் தண்ணி."

"வயல் மடையை எப்ப அடைக்கிறதெண்டும் இஞ்சையே சொல்லிப்போட வேணும்," என்றார் தலைவாய்க்கால்காரர்.

"ஓம்," என்றேன். எம்.பி. அதைச் சுருட்டுப் பெட்டியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

அவர் எடுத்துத் தந்த அனுமதியோடு கொழும்புக்கு ரயிலேறினேன். பாராளுமன்றத்தில் பார்வையாளர் பக்கம் இருந்து பார்த்தேன். பேச்சு இங்கிலீசிலும் சிங்களத்திலும் போனது. எங்கள் எம்.பி. பேசியதும் மந்திரி தலையாட்டி மறுத்தார். அப்போது மற்றப் பக்கத்திலிருந்து ஒருவர் எழும்பினார். "அவரின்ரை ஊரிலையும் புழுதி விதைப்பு இருக்குதாம்," என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார். பாஷை விளங்கவில்லை, ஆனால் இதுவும் எங்கள் விதைப்புக் கூட்டம் மாதிரித்தான் என்று விளங்கியது. மசோதா உடனே வாக்குக்குப் போகாமல், வரிவரியாகப் பார்க்க ஒரு குழுவிடம் போனது. சட்டமாகி வந்தபோது எங்கள் வரி அதில் இருந்தது. அடுத்த காலபோகத்தில் என் வயலுக்குக் கதிர் நேரத்தில் தண்ணீர் வந்தது.

கை தூக்குவது சின்ன வேலை. எதிர்க்க ஆளில்லாத சட்டத்தை இன்னும் ஒருவரும் ஒழுங்காக வாசிக்கவில்லை என்றே நான் நினைப்பேன்.

இப்போது எங்கள் விவசாயிகள் சங்கம் நினைவு மலர் வெளியிடப் போகிறதாம். "சட்டத்தின் குறையைக் கண்டவர்" என்று எம்.பி.யின் படத்தைப் போடுகிறார்களாம். படம் இருக்கட்டும். குறையைக் கண்டவன் நான் என்று எழுதுங்கள். தலைவாய்க்கால்காரரையும் சேருங்கள், அவர் மறித்துப் பேசியிராவிட்டால் என் பேச்சு சட்டத்தைக் கிழிப்பதோடு நின்றிருக்கும். ஆனால் என் பெயர் மேலே, அவர் பெயர் கீழே. இந்த ஒரு விடயத்திலாவது கடைவாய்க்கால் முதலில் வரட்டும்.