வெரி குட் சொன்ன ரேடியோ

ரேடியோ மச்சாளுடையது. சைக்கிள் என் அப்பாவுடையது. இரண்டையும் வயரால் இணைத்தால்தான் எங்கள் வீட்டு வளவுக்குள் ஆங்கிலம் வரும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த எங்களுக்கு, அந்த யுத்த காலத்தில், ஆமியின் சோதனைச்சாவடி தாண்டி பற்றரி கொண்டுவரத் தடை. அதனால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து ஒருவர் மிதிக்க வேண்டும். வேகம் குறைந்தால் ரேடியோவின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். கூடினால் பெட்டி எரிந்துவிடுமோ என்று காலைத் தளர்த்துவேன்.

மச்சாள் என் மாமாவின் மகள். பக்கத்து வளவு, ஒரே வயதுப் பெண்கள்; ஒருவரையொருவர் ‘கா’ என்றுதான் கூப்பிடுவோம். எட்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் போனோம். பிறகு பள்ளிக்கூட வழியிலும் ஒரு சாவடி முளைத்தது. எனக்கு இரவெல்லாம் அதே யோசனை. பையைக் கொட்டச் சொன்னால், பெயரைக் கேட்கும்போது சொல்ல வாய் வராவிட்டால்? ஒருநாள் காய்ச்சல் என்று நின்றேன். அப்படியே நின்றுவிட்டேன். அவள் மட்டும் வெள்ளைச் சட்டையோடு தினமும் அந்தச் சாவடி வழியாகப் போய்வந்தாள். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த வருடம், பள்ளிக்கூடத்து ஆங்கில ரீச்சர் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பின்னேரத்தில் ரேடியோவில் ஆங்கிலப் பாடம் போகும். அவள் பாயில் கொப்பியோடு இருப்பாள், நான் மிதிப்பேன்.

“சாகப்போற மாடு மாதிரி மிதிக்காத கா. அந்த ஆள்ர குரல் இழுபடுது.”

“கால் நோகுது. நீ வந்து மிதிச்சுப் பாரன்.”

“நான் மிதிச்சா ஆரு எழுதுற? நீயா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு நெஞ்சுக்குள் முள்ளு நின்றது.

ரேடியோவில் பேசுபவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அப்போதும் மிதிப்பதை நிறுத்தக் கூடாது. நான் மூச்சைப் பிடித்துச் சொல்ல வாயைத் திறக்குமுன் மச்சாள் சொல்லிவிடுவாள். உடனே அவர் “வெரி குட்” என்பார். அது அவளுக்குத்தான் சொன்னது என்று அவள் முகத்திலேயே தெரியும்.

ஒருநாள் நான் இறங்கிவிட்டேன்.

“இண்டைக்கு நான் எழுதுறன். நீ ஏறு.”

ஏறினாள். குரல் கூடியும் குறைந்தும் தள்ளாடியது. ஆனால் பிழை அதில் இல்லை. நான் ஒரு சொல்லுக்கு எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு வசனம் போயிருந்தது. பாடம் முடிந்தபோது கொப்பியில் நாலைந்து அரைகுறைச் சொற்கள். அவள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

“எழுதாத கா. மிதிச்சுக்கொண்டே அவர் சொல்றத உரத்துச் சொல்லு. உனக்கு மனசில நிக்கும், மறுகா எனக்கும் விட்டதப் பிடிக்கலாம்.”

அப்படியே செய்தோம். என் வாயில் வந்த வசனங்கள் அவள் கொப்பியில் அழகான கையெழுத்தில் ஏறின. மனதில் நின்றது உண்மை. ஆனாலும் என் மூச்சு அவள் கொப்பியில் கிடக்கிறதே என்று எரிந்தது.

அதற்கு மேல் இன்னொரு பயம். அவள் பெயிலானால் மிதித்தது சரியில்லை என்று மாமி என் காலைக் குறை சொல்வா. பாஸானால் டவுனுக்குப் படிக்கப் போவாள், ரேடியோவும் கூடவே போகும். என் படிப்பு அன்றோடு சரி. எதற்காகக் கும்பிடுவது என்று தெரியாமலே கோயிலில் நின்றேன்.

அவள் பாஸானாள்.

துறைக்கு நானும் போனேன். வாவியைக் கடக்க நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் அவளுடைய சூட்கேசை மாமா ஏற்றினார். அவள் கையில் சீலையால் சுற்றிய ரேடியோ. பார்க்காதது போல் நின்றேன். அவள் அதை என் கையில் தந்தாள்.

“நீ வச்சிரு. எனக்கென்னத்துக்கு? அங்க ரீச்சர்மார் இருக்காங்கதானே.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் “ஓம்” என்றேன். வீடு வரும்வரை அந்தக் கடைசி வசனத்தைத்தான் சுமந்து வந்தேன்.

அடுத்த பின்னேரம் தனியாக ஏறி மிதித்தேன். கேள்வி வந்தது. இடைவெளி முழுவதும் எனக்கே இருந்தது, முந்திக்கொள்ள யாரும் இல்லை. பதில் சொன்னேன். “வெரி குட்” என்றார். ஒரு சந்தேகத்தில் அடுத்த கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு மிதித்தேன். அதற்கும் “வெரி குட்” என்றார்.

டவுனில் அவளுக்கு, பிழை என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

நான் மிதித்தேன். அடுத்த கேள்விக்கு உரத்துப் பதில் சொன்னேன், சரியோ பிழையோ.