யோபுவின் முதல் பத்துப் பிள்ளைகள்

நானும் என் தங்கையும் பீடோர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்த சின்ன மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவனின் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டாள். நான் பழைய கத்தோலிக்கனாகவே இருந்துவிட்டேன். ஈப்போவில் ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசிப்பவன் நான். குரல் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுடைய ஒரே மகள் டெங்கிக் காய்ச்சலில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எட்டு வயது. சபையார் வராந்தாவில் நின்று ஜெபித்தார்கள். இயேசு ஒரு சிறுமியின் கையைப் பிடித்து உயிரோடு எழுப்பிய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். நானும் தள்ளி நின்று ஜெபமாலை உருட்டினேன். ஆறாம் நாள் காலையில் பிள்ளை போய்விட்டாள்.

சிலிபினில் இருக்கும் தங்கை வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி இருந்தது. அவள் மகளின் கையை விடவே இல்லை.

"பெட்டிய மூடாதீங்கண்ணே. பிள்ள தூங்குறான்னுதானே இயேசு சொன்னாரு? கொஞ்ச நேரம் பாப்போம்லா."

மதியம் தாண்டிவிட்டது. பாஸ்டர் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அவளுடைய கணவர் என்னைப் பார்த்தார். "மச்சான், என்னால முடியல. நீங்க..." என்றார். நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

கல்லறையில் எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த யோபு, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று சொல்லவில்லையா என்றேன். சாவு வீடுகளில் நான் எப்போதும் சொல்வது அதுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யோபுக்குக் கடைசியில திரும்பப் பத்து பிள்ளைங்க கெடச்சாங்க. மொதல்ல செத்துப்போன பத்து பேரும் என்ன ஆனாங்கண்ணே? அவங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

அதன்பின் ஆறு மாதம் என் போனை அவள் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு வாசகம் யோபுவிலிருந்து வந்தது. பொறுமைசாலி யோபு அல்ல. விடியும்வரை புரண்டு கிடப்பவன், தன் கண் இனி ஒரு நல்லதையும் பார்க்கப்போவதில்லை என்று கடவுளிடமே சொல்பவன். எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். அன்று கடைசி வரியில் குரல் நின்றுவிட்டது. யோபுவின் முதல் வார்த்தையை மட்டும் எடுத்து ஒரு தாயின் வாயை அடைத்திருக்கிறேன். பின்னால் அவன் கதறியதை அவளுக்கு நான் கொடுக்கவே இல்லை. எப்படியோ முடித்துவிட்டு இறங்கினேன்.

பூசை முடிந்ததும் நேராக சிலிபின் போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளுடைய பள்ளிச் சீருடையும் அதில் இருந்தது. வாராவாரம் அதைத் துவைக்கிறாள்.

"நீ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. அன்னைக்கு நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் அழவில்லை. உள்ளே போய்த் தன் பைபிளை எடுத்து வந்தாள். "அந்தச் சிறுமி கதை இருக்குற பக்கத்த என்னால தொறக்க முடியலண்ணே. சபைக்கும் போறதில்ல. இத மட்டும்தான் படிக்கிறேன்."

எண்பத்தெட்டாம் சங்கீதம். கூப்பிட்டும் பதில் வராத ஒருவனின் அழுகை. மற்ற சங்கீதங்களைப்போல முடிவில் துதியாகத் திரும்புவதில்லை. இருட்டோடு நின்றுவிடுகிறது.

"ஒங்க பைபிள்லயும் இப்படியேதான் முடியுதா? இல்ல, வேற ஏதாச்சும் வரி இருக்கா?"

பையிலிருந்த என் பைபிளைத் திறந்தேன். எங்களுக்கு அது திருப்பாடல். அவளுக்குக் கர்த்தர் என்று இருக்கும் இடத்தில் எனக்கு ஆண்டவர். வார்த்தைகள் வேறு. முடிவு ஒன்றுதான்.

"இல்லம்மா. இதுலயும் இருட்டுதான்."

"அப்ப சரி," என்றாள். அப்போதுதான் அழுதாள். ஞாயிறு வேலை முடிந்து வந்த அவள் கணவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது ஞாயிறு பூசைக்குப் பிறகு அங்கே போகிறேன். சாவு வீடுகளில் நான் வசனம் சொல்வதில்லை. அவளைக் கோயிலுக்கும் கூப்பிடுவதில்லை, சபைக்குப் போ என்றும் சொல்வதில்லை. அவள் வாசிக்கிறாள், நான் வாசிக்கிறேன். அடுத்த சங்கீதத்துக்கு இன்னும் பக்கம் திருப்பவில்லை.