பர்சோ எடுத்த ஸ்னாப்ஷாட்

இருதயராஜ் படித்தது திண்டுக்கல் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு. நெட்வொர்க் வேலையைக் கேபிள் இழுக்கப் போன இடங்களில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஹைதராபாத் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வீடு மௌலா அலியில். லேப் அசிஸ்டன்ட் வேலை ஹப்சிகுடாப் பக்கம் ஒரு கல்லூரியில்.

லேபில் இருந்த முப்பது கணினிகளும் கிழடுதட்டிவிட்டதால், நிர்வாகம் லேபையே வெளிக் கம்பெனியிடம் விட நினைத்தது. இருதயராஜ் ஒரு செமஸ்டர் அவகாசம் கேட்டார். ஒரே சர்வருக்குள் முப்பது விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கினார். மேஜைமேல் இருந்தவை இனி வெறும் ஜன்னல்கள். மாணவர்களின் நிஜமான கணினி சர்வருக்குள் ஓடியது. கேபிளே இல்லாமல் அதற்குள்ளேயே ஒரு நெட்வொர்க் கட்டி முப்பதையும் இணைத்தார். ஜூலைக் கடைசியிலிருந்து மாணவர்கள் அவற்றில் பிராஜெக்ட் செய்துவந்தார்கள். நவம்பர் ஆறாம் தேதி வெளித்தேர்வாளர் வருவார். அது நல்லபடி முடிந்தால் லேப் இருதயராஜ் கையிலேயே இருக்கும் என்று துறைத்தலைவர் வேணுகோபால் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் தேதி மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கவில்லை. யு.பி.எஸ். ஐந்து நிமிஷத்தில் ஓய்ந்தது. கரண்ட் திரும்பியபோது முப்பதில் ஒன்றுகூட எழவில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்து பழுது பார்த்தால் எழுந்துவிடும். ஒரு மெஷினுக்கு இரண்டு மணி நேரம். அது அவருக்குப் பிடித்த வேலைதான், நேரம்தான் இல்லை. இன்னொரு வழி ஸ்னாப்ஷாட். முன்பு பதிந்துவைத்த நிலைக்கு மெஷினை அப்படியே திருப்பிவிடலாம்; அதற்குப் பின் செய்ததெல்லாம் அழிந்துவிடும். பட்டியலில் ஒன்று இருந்தது. சர்வரின் கடிகார பேட்டரி செத்துப்போனதால் தேதி 2010 ஜனவரி ஒன்று என்று காட்டியது.

"நஸ்ரின், இது எப்ப எடுத்தது?"

நஸ்ரின் உடன் வேலை செய்பவள். உருது பேசும் வாணியம்பாடிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மல்லேபள்ளியில்.

"பர்சோ எடுத்தேன்ணா. நீங்க லீவுல இருந்தீங்கள்ல, அப்ப."

பர்சோ என்றால் முந்தாநாள் என்று அவர் இந்திப் புத்தகத்தில் படித்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று முந்தாநாள் அவர் லீவில்தான் இருந்தார்.

"முப்பதுக்குமா எடுத்த?"

"ஹவ், ஆமாண்ணா. ஒண்ணு விடல."

இரண்டு நாள் வேலைதானே, பிள்ளைகள் காலையில் உட்கார்ந்து சரிக்கட்டிவிடுவார்கள். எதையும் திருப்புமுன் இப்போதைய நிலையை நகலெடுத்து வைப்பது அவர் வழக்கம். அதற்கு ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. முப்பதையும் திருப்பினார். முப்பதும் எழுந்தன.

மாணவி ரக்ஷிதாவைக் கூப்பிட்டு அவள் மெஷினைப் பார்க்கச் சொன்னார்.

"சார், நா ஃபோல்டர் லேது, என்னுது காணோம்," என்றாள் அவள். "மொத்தமும் எம்ப்டி சார்."

அடுத்ததிலும் எதுவும் இல்லை. அதற்கடுத்ததிலும்.

"முந்தாநாள்னுதானே சொன்ன, நஸ்ரின்?"

"நான் எங்கண்ணா முந்தாநாள்னேன்? பர்சோன்னேன். உங்கம்மா தவறினப்ப ஊருக்குப் போனீங்களே, ஜூலைல..." அவள் குரல் இறங்கியது. "எங்க வீட்ல போன வருஷத்தையும் பர்சோன்னுதான் சொல்வோம்."

வேணுகோபால் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர். 'ஏன்' என்பது அவர் வாயில் 'கைக்கு' என்றுதான் வரும், 'வேண்டாம்' என்பது 'நக்கோ' என்று.

"கைக்கு இப்படிப் பண்ணீங்க? அந்த ஸ்னாப்ஷாட் யார் எடுத்தது?"

"திருப்பினது நான் சார்."

"எடுத்தது யாருன்னு கேட்டேன்."

"திருப்பினது நான்தான் சார்."

"நக்கோ, இருதயராஜ். இனிமே பேச ஒண்ணுமில்ல."

தேர்வாளர் வந்து வெற்றுத் திரைகளைப் பார்த்தார். பிராஜெக்டுக்கு யாருக்கும் மதிப்பெண் இல்லை. வாய்மொழித் தேர்வில் வாங்கியதுதான் மிச்சம். ரக்ஷிதா அதற்குப் பின் இருதயராஜிடம் எதுவும் கேட்டதில்லை.

டிசம்பரில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். இருதயராஜ் பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் கட்டிய நெட்வொர்க்கை அழித்துத் தங்களுடையதைப் போட்டார்கள். இரண்டு மெஷின்களுக்கு ஒரே நெட்வொர்க் முகவரி தவறாக விழுந்திருப்பதைப் பின்னால் நின்றபடியே பார்த்துச் சொன்னார்.

"மேம் சூஸ்குண்டாம் அன்னா," என்றான் ஒருவன், திரும்பாமலே. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் வேலை போகவில்லை. காலையில் லேபைத் திறக்கவும் மாலையில் பூட்டவும் கல்லூரிக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.