இடைத்தேர்தல் மை

மக்களவையில் எங்கள் தொகுதியின் இடம் காலியாகி, மீதமிருக்கும் காலத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இடைத்தேர்தல் வந்தது. அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது எனக்கு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மலையாளிகளும் தமிழரும் கலந்து வாழும் எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் போலிங் ஆபீசர் என்று உத்தரவு வந்தது. அதை நாலு தடவை வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் உத்தரவுப்படி வேலை செய்தவர்கள்தான், ஆனால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், சூப்பர்வைசரின் வாயிலிருந்து வந்த உத்தரவுக்கு. தாளில், பெயர் அச்சடித்து வந்தது எனக்குத்தான்.

என் மேஜையில் மைப்புட்டியும் பதிவேடும். வாக்காளரின் விரலைப் பார்த்து மை வைக்க வேண்டும், கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்க வேண்டும், சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக மை வைப்பது இடது ஆள்காட்டி விரலில். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மாநகராட்சித் தேர்தல் முடிந்திருந்தது. அந்த மை பலருடைய நகத்தில் இன்னும் போகவில்லை. அதனால் இந்தத் தேர்தலுக்கு மட்டும் நடுவிரல். நடுவிரலில் ஏற்கெனவே மை இருந்தால் அவர் ஓட்டுப் போட்டுவிட்டார் என்று பொருள், விடக் கூடாது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது விதியின் எண்ணோடு எழுந்து சொன்னவள் நான் ஒருத்திதான். பத்துத் தேர்தல் பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

காலை ஏழு மணியிலிருந்து நகங்களாகப் பார்த்துப் பார்த்து, மத்தியானத்துக்குப் பிறகு நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு கை மேஜைமேல் வந்தது. நடுவிரல் நகத்தை ஒட்டிக் கறுப்பு.

"சார், இவங்க நடுவிரல்ல மை இருக்கு" என்றேன், அறை முழுவதும் கேட்கும்படி.

"மையா? இது ஏத்தங்காய்க் கறையாக்கும் சாரே. சிப்ஸ் கடையில வாழைக்காத் தோலு உரிக்கிற ஜோலி எனக்கு."

அப்போதுதான் நிமிர்ந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். சேலையில் பொரித்த எண்ணெய் வாசம். என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் கட்சி ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அரிசி மண்டிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. தூக்கக் கலக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"காலையில ஒரு வட்டம், சாயங்காலம் ஒரு வட்டமா? நல்ல ஜோலிதான்."

"எங்க கடைக்கு எதிர்க்கடை அண்ணாச்சியோடது. காலையிலேருந்து நான் அங்க இருந்து உரிக்கிறது நீங்க கண்டதில்லையா?"

"நான் எப்படிக் காண? காலையிலேருந்து நான் இங்கல்லா இருக்கேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூத்துக்குப் பொறுப்பான பிரிசைடிங் ஆபீசர் எழுந்து வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், நிதானமான மலையாளி. அந்த விரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உறப்பாணோ?" உறுதிதானா என்று கேட்டார்.

"உறப்பாணு சார்."

அவர் பூத் டைரியைத் திறந்து எழுதத் தொடங்கினார். அந்தப் பெண் நகரவில்லை.

"எழுதாதீங்க சாரே. பேரு சேர்க்க நான் நாலு வட்டம் ஆபீசு ஏறி இறங்கினேன். போன பெரிய தேர்தலுக்கு லிஸ்டுல பேரில்ல. மாநகராட்சிக்கும் இல்ல. இப்பதான் முதல்ல வந்திருக்கு. இதயும் விட்டா பின்ன எப்ப?" என் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் தேங்காண்ணெ இருந்தாத் தாங்க. இப்பவே தேச்சுக் காட்டறேன், கறை போயிரும்."

"கேட்டீங்களா சார், அழிக்கிற வழியும் படிச்சு வெச்சிருக்கா" என்றார் அண்ணாச்சி. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஓரடி உள்ளே வந்தார்.

அந்தக் கை மட்டும் என் மேஜையை விட்டுப் போகவில்லை. நான் கையை முழுதாகப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் பழைய மை இல்லை. அவர் சொன்னது சரி. பெருவிரலின் வெடிப்புகளில் கறுப்பு. விரல் இடுக்குகளில் கறுப்பு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி என் அம்மாவின் கை இந்த நிறத்தில்தான் இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. பள்ளியில் பெற்றோர் வந்து ரேகை வைக்க வேண்டிய நாளில், முறை வரும்வரை கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்ள அவளிடம் சொன்னவள் நான். அந்தக் கறையை எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்ல முடியும்?

சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து நிமிஷம். பேசாமல் இருந்தால் அவர் வெளியே போயாக வேண்டும், போலீஸ்காரரோடு. பேசினால், உறுதி என்று நான் சொன்னது பொய்யாகும்; அது டைரியில் ஏறிவிட்டது. நான் இன்னும் புரொபேஷனில் இருந்தேன். பிரிசைடிங் ஆபீசர் பக்கம் திரும்பினேன்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். இது மை இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அண்ணாச்சி குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"ஒரு நிமிஷத்துல மை கறையாயிருச்சா? நீயும் தமிழு, அவளும் தமிழு. அதானே?"

"நீங்களும்தானே அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண்.

காலையில் டியூட்டிச் சான்றிதழ் காட்டி நானும் அதே பூத்தில் ஓட்டுப் போட்டிருந்தேன். என் இடது கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் நடுவிரலில் மை தோலில் தொடங்கி நகத்தின் மேல் ஒரே கோடாக ஏறியிருந்தது. அவர் விரலில் கோடு இல்லை; நகத்தைச் சுற்றிப் பழுப்பேறிய கறுப்பு, பெருவிரலிலும் அதேதான். பிரிசைடிங் ஆபீசர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏஜென்ட்டுகளையும் வரிசையாக அழைத்துக் காட்டினார். அண்ணாச்சி நீண்ட நேரம் பார்த்தார். "என்னவோ எழுதிக்கோங்க" என்று போய் உட்கார்ந்தார்.

பதிவேட்டைத் திருப்பி, ரேகைக்காக ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பேனா தா மோளே." மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

எழுத்தெழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். துணியால் விரலைத் துடைத்து மை வைத்தேன். குச்சி தடம் மாறி, கோடு மெலிசாக விழுந்தது.

"நல்லாப் பூசு. நாளைக்கு இதக் கறைன்னு யாரும் சொல்லிரக் கூடாது."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போய்விட்டார். மெஷின் நீளமாக ஒலித்தது. திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தியதும், பிரிசைடிங் ஆபீசர் டைரியோடு என்னிடம் வந்தார். சந்தேகம் வந்தது, தீர்ந்தது என்று மட்டும் எழுதுகிறேன், யாருக்கு என்று வேண்டாம் என்றார். நல்ல மனசு.

"என் தப்புன்னே எழுதுங்க சார்."

அவர் அப்படியே எழுதினார். கீழே பெயரும் பதவியும் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். மெமோ வரவில்லை. ஆனால் மூன்று மாதம், அலுவலகத்தில் தபால் பிரிக்கும் நேரமெல்லாம் ஒவ்வொரு உறையிலும் என் பெயரைத் தேடினேன்.