நான் சொன்ன பக்கம்

எங்க ரோஜா கிளப்புக்குப் பதினோரு பேருன்னு எவனாச்சும் சொன்னா, அவனுக்கு எண்ணத் தெரியலேன்னு அர்த்தம். பன்னெண்டாவது ஆளு நான். பேரு ஆரோக்கியம்மா. திண்டுக்கல்லு மைதானத்துல கோல் கம்பத்துக்குப் பின்னாடி கூடையை வச்சு அவிச்ச கடலை விக்கிறவ. பாதி ஆட்டம் முடிஞ்சு எங்க கோல்கீப்பர் மிக்கேல்ராஜ் எதிர்க் கம்பத்துக்குப் போனா, என் கூடையும் பின்னாலயே போகும். யாவாரத்துக்காக இல்ல. அவனுக்கு நான் வேணும்.

எதுக்குன்னா, பெனால்டிக்கு. கோலுக்கு முன்னாடி நின்னு தடுத்து ஆடுற எங்க பேக்கு நல்லுசாமி கன்னிவாடிக்காரன். தங்கமான பய, ஆனா பந்தை உதைக்கச் சொன்னா ஆளு காலை உதைப்பான். மேட்ச்சுக்கு ஒரு பெனால்டி நிச்சயம். எதிராளி ஓடி வாரப்ப நான் பின்னாடியிருந்து "ஏலே மிக்கேலு, எடது!"ன்னோ "வலது!"ன்னோ ஒரு கத்து கத்துவேன். கத்திட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்குவேன். பார்க்க நெஞ்சு தாங்காது. "மாதாவே"ன்னு கண்ணைத் தொறந்தா பந்து அவன் நெஞ்சோட இருக்கும். அறுபதாம் வருசம் மட்டும் ஏழு பெனால்டி, ஆறைப் பிடிச்சான். பிடிச்சது அவன் கை, சொன்னது என் வாயி. இதைக் கடலை வாங்குற அத்தனை பேருகிட்டயும் சொல்லியிருக்கேன். வாங்காதவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்.

அடுத்த வருசம் மொத மேட்ச்சு, தோல் பதனிடுற ஷாப்பு டீமோட. முந்தின நாள் காலையில குழாயடியில பேச்சாயி என் குடத்தை நகட்டி வச்சா. விடுவேனா? அவ ஒண்ணு சொல்ல, நான் ஒம்பது சொல்ல, தண்ணி நின்னு போச்சு, சண்டை நிக்கல. வீட்டுக்கு வந்து வாயைத் தொறந்தா வெறும் காத்துதான் வருது. மிளகைக் கடிச்சேன், பாலுல மஞ்சப்பொடி போட்டுக் குடிச்சேன், உப்புத் தண்ணியில கொப்புளிச்சேன். ம்ஹூம். விடிஞ்சப்ப அந்தக் காத்தும் பாதியாயிருச்சு.

என் சத்தம் இல்லாம இந்தப் புள்ள என்ன செய்வான்னு எனக்குப் பயம். இன்னொரு பயமும் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. என் சத்தம் இல்லாமயே பிடிச்சுட்டான்னா அப்பறம் நான் யாரு? வெறும் கடலைக்காரிதானே.

ஆட்டம் தொடங்கி செத்த நேரத்துலயே நல்லுசாமி வேலையக் காட்டிட்டான். பெனால்டி. மிக்கேலு திரும்பி என்னைப் பார்த்தான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரிச்சேன். அவன் மொகம் செத்துப் போச்சு. பந்து வந்தப்ப நட்டு வச்ச மரமா நின்னான். கோலு! எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல குளுகுளுன்னும் இருந்துச்சு. மாதா மன்னிக்கட்டும்.

கேப்டன் பக்ருதீன் ஒரு கோல் போட்டுச் சமன் பண்ணினாரு. இடைவேளையில மிக்கேலு ஓடி வந்து என் கூடை முன்னாடி உக்காந்துட்டான். "அக்கா, ஒரே ஒரு வார்த்தை. கரகரன்னு வந்தாலும் போதும்க்கா." எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பின்னாலயே வந்த பக்ருதீனுக்குக் கோவம். "ஏண்டா, அக்கா சொல்லலேன்னா உனக்குக் கண்ணு இல்லையா? நீயே பார்த்துப் பாய்டா!"

"எங்கிட்டுண்ணே பாய? அக்கா எடதுன்னா நான் வலது பக்கம் பாய்வேன், வலதுன்னா எடது பக்கம். போன வருசம் பூரா அக்கா சொன்ன பக்கம் பந்து ஒரே ஒரு தரம்தான் வந்துச்சு, அன்னைக்குத்தான் கோலாச்சு. இப்ப அக்காவும் சொல்லலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பெறகுதான் நான் முன்னாடி உக்காந்திருக்கிறது அவனுக்கு உறைச்சது. நாக்கைக் கடிச்சான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! ஊரெல்லாம் நான் பெருமை பேசித் திரிஞ்சப்ப இந்தப் பய உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கான். திட்டலாம்னா சத்தம் இல்ல. பேச்சாயிக்குக் கொட்டினதுல கொஞ்சத்தை மிச்சம் வச்சிருக்கக் கூடாதா? அவன் எதிர்க் கம்பத்துக்குப் போனான். என் கூடை போகல. பக்ருதீன் போட்ட ரெண்டாவது கோலு என் கண்ணு முன்னாடியே விழுந்துச்சு. எந்திரிக்கல. அம்புட்டு வீம்பு.

ஆட்டம் முடிய ரெண்டு நிமிசம் இருக்கையில தூரத்துல விசிலு. நல்லுசாமிதான், வேற யாரு? மறுபடி பெனால்டி. "நான் பந்தைத்தான்யா உதைச்சேன், நடுவுல அவன் காலு வந்துச்சு"ன்னு ரெப்ரிகிட்ட மல்லுக்கு நின்னுக்கிட்டு இருந்தான். அதுக்குள்ள என் காலு தானா எந்திரிச்சிருச்சு. கூடையைப் போட்டது போட்டபடி, கடலை அளக்குற இரும்பு உழக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டு மைதானத்தோட ஓரமா ஓடினேன். சேலை தடுக்கி ஒருக்கா விழுந்தேன். எந்திரிச்சு ஓடினேன்.

கம்பத்துக்குப் பின்னாடி போயி நின்னாச்சு. எந்தப் பக்கம்? எடதுன்னு தோணுச்சு. எனக்குத் தோணினாத் தப்பாத்தான் இருக்கும், அப்ப வலது. வலதுன்னு காட்டினா இவன் எடது பக்கம் பாய்வான். தலை சுத்திருச்சு. போதும்டியம்மா, எப்பவும் போல உனக்குத் தோணினதையே சொல்லுன்னு எடது கம்பத்துல உழக்கால ஓங்கி ரெண்டு தட்டுத் தட்டினேன்.

இந்தத் தடவை கண்ணை மூடல. எடது பக்கம் வந்தா நான் ஜெயிச்சேன், கிளப்புப் போச்சு. "மாதாவே, நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும்"னு வேண்டினேன். இப்படி எவளாச்சும் வேண்டியிருப்பாளா?

பந்து வலது பக்கம் வந்துச்சு. மிக்கேலு ஏற்கெனவே அங்க பாய்ஞ்சிருந்தான்.

கடைசி விசிலு அடிச்சதும் எல்லாரையும் விட்டுட்டு என்கிட்ட ஓடி வந்து குனிஞ்சான். நான் அவன் காதைப் பிடிச்சு இழுத்து, தொண்டையில நின்ன அத்தனை வசவையும் காத்தாவே ஊதினேன். எருமைமாடே, திருட்டு ராஸ்கலு, தின்ன கடலைக்கு ரெண்டகம் பண்ணின பயலேன்னு ஒண்ணு விடல. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அக்கா வாழ்த்துதுன்னு நெனைச்சு சனம் பூரா கை தட்டுச்சு. பக்ருதீன் கண்ணைத் தொடைச்சாரு.

நான் மூச்சு வாங்க நிறுத்தினதும் மிக்கேலு கேட்டான்: "அக்கா, வார ஞாயித்துக்கெழமைக்குள்ள தொண்டை சரியாயிரும்ல?"

நெசமான கவலையோடதான் கேட்டான்.