அட்லஸில் ஒரு பென்சில் கோடு

2009 வசந்த காலம். ஒஸ்லோவில் எங்கள் மேல்நிலைப் பள்ளியின் சிறப்புப் புவியியல் வகுப்பில் தமிழ் கதைக்கிறவர்கள் இரண்டு பேர்தான். நான் இங்கேயே பிறந்தவள். அவள் வன்னியிலிருந்து வந்து, நகரின் தெற்கே ஹவுகெட்டோவில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். மெலிந்த உருவம். வெயில் அடித்தாலும் குளிர்ச்சட்டையைக் கழற்ற மாட்டாள்.

வகுப்புத் தொடங்குமுன் அலுமாரியிலிருந்து எப்போதும் அதே அட்லஸை எடுத்து இலங்கைப் பக்கத்தைத் திறப்பாள். வடகிழக்குக் கரையோரம் முன்பு போட்டிருந்த பென்சில் கோட்டை அழித்துவிட்டு, கடலுக்கு இன்னும் கிட்டவாக வேறொன்று கீறுவாள்.

"பள்ளிக்கூடப் புத்தகம். கீறினால் பேசுவினம்," என்றேன் ஒருநாள்.

"அழிச்சுப்போட்டுத்தானே கீறுறனான். சண்டை இந்தக் கோடுவரைக்கும் வந்திட்டுது. மிச்ச நிலத்துக்குள்ளைதான் அம்மா நிக்கிறா."

அன்று பாடம் மக்கள் அடர்த்தி. சனத்தொகையை நிலப்பரப்பால் வகுக்க வேண்டும். சனம் கூடாமலே அடர்த்தி கூடுமா என்று அவள் நொர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"நிலம் குறையாதே," என்று ஆசிரியை கனிவாகச் சிரித்தார்.

அவள் தலையாட்டிவிட்டு, குளிர்ச்சட்டையின் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மே மாதத்தில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஏனென்று ஆசிரியைக்கும் தெரியவில்லை. நான் அந்த அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அழித்து அழித்து அந்தக் கரையோரத்தில் தாள் நைந்திருந்தது. கடைசிக் கோட்டையும் அழித்திருந்தாள். புதிதாக ஒன்றும் கீறவில்லை.

அவளுடைய அம்மா வெளியே வந்துவிட்டாரா, கீறுவதற்கு நிலம் தீர்ந்துவிட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.